டாக்டர் மேல் சந்தேகமே வரக் கூடாது

“கொலைகாரன் யாருன்னு அக்கா கண்டுபிடிச்சிட்டாங்கன்னா, உங்க கதை முடிஞ்சுது வாத்தியாரே” என்றார் முதலாளி. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே கும்மிருட்டு. வாத்தியார் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். பக்கத்து நாற்காலியில் அக்கா துடைப்பத்தை மடியில் கிடத்திக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

பயப்படாதீர்கள், இது ஒரு டப்பிங் ஸ்டூடியோ. கொலையெல்லாம் திரையில்தான். பனிமலை உச்சியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், அதில் ஆறு பேர். அந்த ஆறில் ஒன்று மனித வேஷம் போட்ட கொலைகார ரோபோ. எது என்பது கடைசிக் காட்சியில்தான் தெரிய வேண்டும்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. வெளிநாட்டுப் படங்களுக்குப் பதினெட்டு வருஷமாகத் தமிழ் வசனம் எழுதுகிறவர். ஓர் எழுத்து பிசகினாலும் சோறு இறங்காது என்பதால் வந்த பெயர்.

அக்கா ஸ்டூடியோவைப் பெருக்கித் துடைக்கிறவர். தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, வீட்டில் டிவி கிடையாது. ஆனால் இந்த ஸ்டூடியோவில் தயாரான படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவர். அக்கா கண்டுபிடித்துவிட்டால் ஊரே கண்டுபிடித்துவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை.

போன படத்திலும் இதே மாதிரி ஒரு ரோபோ; அக்கா பத்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டார். எல்லாரையும் அவர், இவர் என்று எழுதிய வாத்தியார், ஓர் இடத்தில் மட்டும் ரோபோவைக் கை தவறி “அது வருது” என்று எழுதித் தொலைத்திருந்தார்.

“வசனம் எழுதுற மெஷின் வந்திருக்காம். காலையில படத்தைக் குடுத்தா சாயங்காலம் கையில வசனமாம்” என்று முதலாளி அன்றே சொல்லிவிட்டார். “இதான் உங்களுக்குக் கடைசி வாய்ப்பு.”

சும்மா விடுவாரா வாத்தியார்? இந்தத் தடவை மருந்துக்குக்கூட ஒரு ‘அது’ இல்லை. டாக்டர் வந்தார், டாக்டர் சிரித்தார், டாக்டர் ஊசி போட்டார். ஆமாம், டாக்டர்தான் ரோபோ. வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

டாக்டர் மேல் துளி சந்தேகம் வரக் கூடாதே என்று அவர் பேச்சுக்கு மட்டும் பதினோரு நாள் மெனக்கெட்டார். திரையில் உதடு மூடினால் ஒரு ‘ப’வோ ‘ம’வோ விழுந்தாக வேண்டும், வாய் பிளந்தால் ஓர் ‘ஆ’. மற்ற ஐந்து பேருக்கும் மிச்சமிருந்த இரண்டே நாளில் எழுதி ஒப்பேற்றினார். எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே!

படம் ஓடியது. ஜெனரேட்டர் அறையில் இன்ஜினியர் செத்துக் கிடந்தார்.

“அடப் பாவமே, நல்லாப் பேசிக்கிட்டிருந்த மனுஷன்!” என்று அக்கா உச்சுக்கொட்டினார்.

சமையல்காரி கத்தியோடு வந்தாள். வாத்தியார் மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தார். “இவ முழியே சரியில்ல, பார்த்தீங்களாக்கா?”

“சும்மா இருங்க தம்பி. அது பாவம், வாயில்லாப் பூச்சி.”

ரோபோவைக்கூட அவர் என்று எழுத இவர் படாத பாடு பட்டிருக்கிறார். அக்கா என்னடாவென்றால் மனுஷியை ‘அது’ என்கிறார். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குள் திரையில் டாக்டர் வந்தார். குளிரில் நடுங்கிய சமையல்காரிக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, “பயப்படாதம்மா, நான் பக்கத்துலதான் இருப்பேன்” என்றார். தான் எழுதியதைக் கேட்டுத் தனக்கே கண் கலங்கிவிட்டது வாத்தியாருக்கு.

அக்கா துடைப்பத்தோடு எழுந்தார். “டாக்டர்தான் ரோபோ. நான் போய் மாடிப்படியைத் துடைக்கிறேன்.”

வாத்தியார் துடைப்பத்தைப் பிடித்து நிறுத்தினார். “அக்கா, யாராவது சொல்லிட்டாங்களா?”

“யார் சொல்லப் போறா?”

“அவரு கண்ணு சிமிட்டலையா?”

“சிமிட்டுறாரே.”

“எங்கேயாவது ‘அது’ன்னு...”

“சேச்சே, எல்லாரும் மரியாதையாத்தான் பேசுறாங்க.”

கதவு திறந்தது. பாதிப் படத்தில் எழுந்து நிற்கும் அக்காவைக் கண்டதுமே முதலாளிக்குப் புரிந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார். மெஷின்காரர்களின் நம்பராகத்தான் இருக்கும். பதினெட்டு வருஷமும் வாத்தியாரின் கண்முன்னால் கரைந்தது.

“போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்கக்கா” என்றார் முதலாளி. “எந்த வசனத்துல நம்ம வாத்தியார் கோட்டை விட்டார்?”

“ஐயய்யோ, தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க சார். டாக்டர் பேச்சுல ஒரு குறை சொல்ல முடியாது. அவர் உதடு அசைஞ்சா அசைஞ்ச இடத்துல அதே சொல்லு, நின்னா நின்ன இடத்துல பேச்சும் நிக்குது.”

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. பதினோரு நாள் உழைப்புக்கு ஒரு ஜீவனாவது மதிப்புக் கொடுத்ததே! “அப்புறம் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா படம் பார்க்கிறேன் தம்பி, எந்த மனுஷனுக்கு வாயும் பேச்சும் ஒட்டியிருக்கு?”