மரியபுஷ்பத்தின் அழுகை

புது நாடக அரங்கம் வந்த பிறகுதான் மேலக்கரையில் பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன. ஊரில் இறந்தவர்களே அங்கே மேடையேறினார்கள். புரோட்டாக் கடை அந்தோணிமுத்து, இறந்துபோன தன் மனைவி மரியபுஷ்பத்தைப் பார்க்க ஒருநாளும் போனதில்லை. அரங்கத்தில் வேலை பார்க்கும் மகள் ஜெசிந்தாதான் அவரை வற்புறுத்தி அழைத்துப் போய், முன்வரிசை இருட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

மேடையில் மரியபுஷ்பம் அதே குரலில், "அப்பா வரலியாடி?" என்று கேட்டாள்.

"அப்பா தவறிட்டாரும்மா," என்றாள் ஜெசிந்தா.

மரியபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வெளியூர்க் கூட்டம் மொத்தமும் விசும்பியது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றார் அந்தோணிமுத்து.

"தினமும் இதத்தாம்பா சொல்றேன். மறுநாள் அம்மாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அம்மா அழுதாத்தான் கூட்டம் வருது. கூட்டம் வந்தாத்தான் ஊரு பிழைக்கும்."

அவர் பதறி எழுந்தார். மரியபுஷ்பத்தின் பார்வை அவர் பக்கம் திரும்பியது.

அந்தோணிமுத்து சட்டென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.