டர்போ இல்லாத வண்டிக்கு டைமர்

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கார்க் கதவைச் சத்தம் வராமல் சாத்தினான். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு படியேறத் தொடங்கினான்.

வண்டியைப் பற்றிக் கவலையில்லை. சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம் தானாக நிறுத்துகிற டைமர் ஒன்றைப் போன வாரம்தான் பொருத்தியிருந்தான்.

மெக்கானிக் அப்போதே தலையைச் சொறிந்தார். "சார், இது டர்போ வண்டிக்குப் போடறது. ஓடி வந்த சூட்டோட சட்டுனு நிறுத்தினா டர்போ கெட்டுடும்னு கொஞ்சம் ஆறவிடுவாங்க. உங்க வண்டியில டர்போவே இல்லையே. பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு."

"ஆறினா நல்லதுதானே? போடுங்க."

மனைவியிடமும் அதையேதான் சொன்னான். எஞ்சின் ஆறணும், நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன், நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார் என்று. அவளும் சரியென்று தலையாட்டினாள். இவ்வளவு லேசில் சரியென்றது அவனுக்கு இன்னும் உறுத்தியது.

விஷயம் இதுதான். அவன் வருகிற நேரத்துக்கு அவள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருப்பாள். கீழே எஞ்சின் நின்றதும் பேச்சும் நின்றுவிடும். அவன் உள்ளே நுழையும்போது போன் மேசைமேல் குப்புறக் கிடக்கும். "டீ போடட்டுமா?" என்பாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

எஞ்சின் நிற்காவிட்டால் பேச்சும் நிற்காது அல்லவா? கார் நிற்கும் இடம் மேலே ஜன்னலிலிருந்து தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த யோசனை வந்தபோது தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

அலுவலகத்தில் அவனுக்குச் சம்பளமே சந்தேகப்படத்தான். விபத்து என்று சொல்லி இன்சூரன்ஸ் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று துருவிப் பார்க்கும் வேலை. அங்கே அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். வீட்டிலும் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டான், பாவம்.

ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவன் வேறு. முதல் மனைவி விட்டுவிட்டுப் போனபோது, எவனையோ நம்பித்தான் போனாள் என்று கேட்டவர்களிடமும் சொன்னான், கேட்காதவர்களிடமும் சொன்னான். அந்த எவன் யார் என்பதுதான் கடைசிவரை அகப்படவில்லை. இந்த முறை விடக்கூடாது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

இரண்டாவது மாடி. பூனை மாதிரி நடந்து போய்க் கதவில் காதை வைத்தான்.

பேச்சு ஓடிக்கொண்டிருந்தது! நெஞ்சு திக்கென்றது. ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது என்று சொல்லாவிட்டால் பொய்.

"வண்டி வந்துடுச்சு. இன்னும் கீழதான் இருக்கார், எஞ்சின் ஓடுது" என்றாள் அவள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். "நானே அந்த மெக்கானிக்கைக் கேட்டேன். இந்த வண்டிக்கு அது தேவையே இல்லைங்கறார். ஆனா ஒரேயடியா உபயோகமே இல்லாமலா போகும்? ஏதோ கொஞ்சமாவது எஞ்சினுக்கு நல்லதா இருக்கும்ல அக்கா?"

அக்காவா? அவளுக்கு அக்கா கிடையாதே. பெண்ணாகவே இருக்கட்டும், எவனுக்கோ தூது போகிறவளாக இருக்கும் என்று இன்னும் அழுத்திக் காதை வைத்தான்.

ஸ்பீக்கரில் அந்தப் பெண் சிரித்தாள்.

"எங்க வீட்டுல ஒரு இரும்பு கேட் இருந்தது. திறந்தா தெருவுக்கே கேட்கும். வாராவாரம் உட்கார்ந்து அதுக்கு எண்ணெய் போடுவார். எவ்வளவு பொறுப்பான மனுஷன்னு நான் அக்கம்பக்கத்துல பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்."

அந்தக் குரல். அந்தக் குரலோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

உள்ளே நறுக்கும் சத்தம் நின்றது.

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா. போனை நோண்டறார், எங்க போனே எங்க போனேன்னு கேட்கறார், அதெல்லாம் சரி. ஆனா இது நிஜமா எஞ்சினுக்குத்தான்னு தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் பொறுத்துக்குவேன். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை."

"அப்ப ஒண்ணு பண்ணு. இப்பவே போய்க் கதவைத் திற. அங்க யாரும் இல்லைன்னா நான் சொன்னது எல்லாமே பொய்னு வெச்சுக்க. இனிமே எனக்கு போனே பண்ணாதே."

கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது.

ஓடியிருக்கலாம். ஒரு மாடி இறங்கித் திரும்பியிருந்தால் போதும், தப்பித்திருப்பான். கால்கூட ஒரு படி இறங்கிவிட்டது. ஆனால் இன்னும் ஏதாவது பேசுவார்களோ, தனக்குத் தெரியாத எதையாவது சொல்லிவிடுவார்களோ என்று பாழாய்ப்போன காது கதவை விட்டு வரமாட்டேன் என்றது. திரும்பி வந்து மறுபடியும் அதை ஒட்டவைத்தான்.

தாழ்ப்பாள் விலகியது.

கீழே எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.