பழைய எஞ்சினே இருக்கட்டும்

வக்கீல் சிவசைலம் பிள்ளை தேசத்துக்குச் செய்த துரோகங்களை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுவோம்.

முதலாவது, வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து ஊரில் நடந்த கலகத்துக்குப் பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறியபோது, வக்கீல் தொழிலுக்கான உரிமைச் சன்னது பறிபோகும் என்று பயந்து சுதேசி சங்கத்திலிருந்து தம் பெயரை அடித்துக்கொண்டார்.

இரண்டாவது, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பழைய மோட்டார் வண்டியை ஏலத்தில் எடுத்தார்.

மூன்றாவது, சங்கத்துக்காகச் சுதேசி நோட்டீஸ் ஒட்டி ஜெயிலுக்குப் போன பலவேசம் விடுதலையாகி வந்த அன்று, சங்கமே மேளதாளத்தோடு ரயிலடிக்குப் போனது. இவர் எட்டிப் பார்க்கவில்லை.

நான்காவது, பிழைப்புக்கு ஒரு தொழில் காட்டாவிட்டால் மறுபடியும் உள்ளே என்று பலவேசத்தைப் போலீஸ் மிரட்டிய நேரம் பார்த்து, அவனை அந்த மோட்டாரைச் செப்பனிடும் வேலையில் போட்டார். தேசத்துக்காகக் கல்லுடைத்த கை, சீமை எஞ்சினுக்கு எண்ணெய் விட்டது.

ஐந்தாவதைத்தான் சங்கத் தலைவர் பூதலிங்கம் பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. வண்டிக்குக் கூரை புதுசு, மெத்தை புதுசு, வர்ணம் புதுசு. எஞ்சினை மட்டும் மாற்றமாட்டேன் என்கிறார். ஒரு வருஷமாக வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை. வக்கீல் பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்கு மாட்டு வண்டியில் போகிறார்.

அன்று ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டு, சங்கத்தார் நாலு பேரோடு பூதலிங்கம் பிள்ளை கொட்டகைக்கே வந்துவிட்டார். வக்கீல் ஓரமாக நின்றிருந்தார். வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"ஏலே பலவேசம், வெளியே வாலே!"

கரி அப்பிய முகம் வெளியே வந்தது. "வாங்க அண்ணாச்சி."

"உனக்கு எஞ்சின் வேலை தெரியுமாலே?"

"தெரியாது அண்ணாச்சி. அது வக்கீலய்யாவுக்கும் தெரியும்."

பூதலிங்கம் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு வக்கீல் பக்கம் திரும்பினார்.

"ஓய், மதராஸ் கம்பெனிக்கு எழுதினா புது எஞ்சின் வருது. பார்த்துக்கிட அவங்க ஆளே வாரான். இவனை விட்டிரும்! இவன் எங்க ஆளு வே. சங்கத்துச் சொத்து!"

"பழைய எஞ்சினே இருக்கட்டும்" என்றார் வக்கீல்.

"அதுதான் ஓடலையே!"

"ஓடும்போது ஓடட்டும்."

"எத்தனை தடவைவே கழட்டி மாட்டுதான்? ஒவ்வொரு தடவையும் ரெண்டு மரையாணி மிஞ்சுதாம்!"

"மூணு" என்றான் பலவேசம்.

"நீ சும்மா கிடலே! இவனை ஊர்வலத்துல முன்னால நிறுத்தணும்னு நாங்க நினைக்கோம். நீரு வண்டிக்கு அடியில படுக்கப் போட்டிருக்கீரு. கேட்டா ஒரு பதில் உண்டா? உம்மகிட்டப் பேசினா மனுசனுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் வே!"

வாசலில் குதிரை கனைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பின்னால் கிராம முன்சீபும் வேதநாயகம் வாத்தியாரும், சாட்சிக்கு.

"பலவேசம், தொழில் என்ன?"

"இந்த எஞ்சின்தானுங்க."

"ஓடாத எஞ்சினைத் துடைக்கிறதா? புது உத்தரவு வந்திருக்கு. இனி வேலை இருந்தா மட்டும் போதாது. வேலை கொடுக்கிறவர் உன் நடத்தைக்கும் பொறுப்பேற்கணும். இல்லாட்டி இப்பவே என்கூடப் புறப்படு."

கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"பூதலிங்கம் பிள்ளை, இவன் உம்ம சங்கத்து ஆள்தானே? உமக்குக் கடை இருக்கு. ஏத்துக்கிடுதீரா?"

பூதலிங்கம் பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மோட்டாரைப் பார்க்க வந்தேன். இந்த ஆளை எனக்கு அவ்வளவாத் தெரியாது."

சற்று முன்புவரை சங்கத்துச் சொத்து. மற்ற நால்வரும் வண்டியின் புது வர்ணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலவேசம் தரையில் கிடந்த மரையாணிகளைப் பொறுக்கி வைத்துவிட்டு, மேல்துண்டை எடுத்தான். புறப்பட வேண்டியதுதான்.

"துண்டை வைலே" என்றார் வக்கீல். "நான் ஏற்கிறேன். இந்த எஞ்சின் ஓடத் தொடங்குகிறவரை இவனுக்கு இங்கே வேலை உண்டு."

"ஓடிட்டா?"

"ரொம்பப் பழைய எஞ்சின்."

சப்-இன்ஸ்பெக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லும். இவன் இனி ஒரு நோட்டீஸ் ஒட்டினாலும் உம்ம சன்னது போயிரும்."

"தெரியும். எழுதும்."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். மையை ஊதிக் காயவைத்தார். சாட்சிகள் இருவருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"பலவேசத்துக்கு வேலை கொடுத்து, அவன் நடத்தைக்கும் பொறுப்பேற்பவர், வக்கீல் சிவசைலம் பிள்ளை."