தோற்றவற்றின் பெட்டி

"அக்கா, கையோட வந்துடுச்சு!"

புதிய விற்பனையாளனின் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் அதன் வார். பள்ளிக் குழந்தைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற பாட்டில் அது. வேலைக்குச் சேர்ந்த மறுநாளே சாம்பிளைக் கெடுத்துவிட்டோமே என்று அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

வடிவமைப்பாளர் மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன பண்ணினீங்க?"

"முதல்ல நிறையத் தண்ணி ஊத்தித் தூக்கினேன், தாங்குச்சு. மாட்டிக்கிட்டு முற்றத்துல ஓடினேன், தாங்குச்சு. சரி, இன்னும் கொஞ்சம் பார்ப்போமேன்னு கதவுக் கைப்பிடியில மாட்டி லேசா இழுத்தேன். பிச்சுக்கிச்சு."

"லேசாவா?"

"கொஞ்சம் பலமாத்தான்."

"சரி, மேசை மேல வைங்க."

"அவ்வளவுதானா? நாளைக்கு ஸ்கூல் மேடம் வர்றாங்க, அக்கா! நல்லா ஓடிக்கிட்டிருந்த பழைய மாடலை நிறுத்திட்டு முதலாளி உங்களையே நம்பி உட்கார்ந்திருக்கார். இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா பட்டறைக்குப் பூட்டுதான்னு அவரே சொன்னார்."

"போகாது."

அவன் பாட்டிலையும் வாரையும் மேசை மேல் வைத்தான்.

உள்ளறையிலிருந்து கரகரவென்று ஒரு பாட்டு வந்தது. அவன் பேச்சை மாற்றினான். "எந்தத் தாத்தா அக்கா உள்ளே கச்சேரி பண்றார்?"

"என் பொண்ணு. ஒண்ணாம் வகுப்பு."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவாயில்லை. அவளுக்கு அதுல பெருமைதான். நாடகத்துல சிங்கம் வேணும்னா வகுப்புல அவளைத்தான் கூப்பிடுறாங்க."

அப்போது கதவு தட்டப்பட்டது. மூக்குக் கண்ணாடியும் கைப்பையுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்தார். நாளைக்கு வரவேண்டிய தலைமையாசிரியை.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே பார்த்துட்டுப் போயிடலாமேன்னு தோணுச்சு."

விற்பனையாளன் சட்டென்று மேசையை மறைத்துக்கொண்டு நின்றான். கண்கள் அறையைத் துழாவின. அலமாரியில் ஓர் அட்டைப் பெட்டி. அதன் மேல் மையால் 'தோற்றவை' என்று எழுதியிருந்தது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, உள்ளே கிடந்த பாட்டில்களின் வார்கள் முழுசாக இருந்தன. மேலே கிடந்ததை உருவினான். வாரை உத்தரத்துக் கொக்கியில் மாட்டினான். இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினான்.

"பாருங்க மேடம்! நானே தொங்கினாலும் அறுந்துபோகாது!"

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "இறங்குப்பா, உத்தரம் வந்துடப் போகுது. இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். எங்க பிள்ளைங்க கையில எதுவும் ஒரு வாரம் தாங்காது. இதையே எல்லாருக்கும் கொடுத்துடுங்க."

விற்பனையாளன் வெற்றிக் களிப்போடு தரையில் குதித்தான்.

"அதை விக்கிறதில்லை, மேடம்," என்றார் வடிவமைப்பாளர்.

குதித்தவனின் கண்கள் பிதுங்கின.

"ஏன்?"

"அது தோத்துடுச்சு."

"இந்த ஆளையே தாங்கினது தோத்துடுச்சா?"

"ஆமா. அந்தப் பெட்டியில இருக்கிறது எல்லாமே நான் செஞ்சு தோத்ததுதான். ஒண்ணு ஏன் தோத்துச்சுன்னு பார்த்துத்தான் அடுத்ததைச் செஞ்சேன். கடைசியா ஜெயிச்சது இது. இழுத்துப் பாருங்க." மேசை மேல் கிடந்த வாரின் இரண்டு முனைகளையும் பொருத்தினார். 'டக்' என்றது.

"வேண்டாம் அக்கா," என்று விற்பனையாளன் முணுமுணுத்தான்.

தலைமையாசிரியை ஓர் இழுப்பு இழுத்தார். வார் கழன்று கையோடு வந்தது. விற்பனையாளன் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னம்மா, விளையாடுறீங்களா? ஜெயிச்சது பிச்சுக்குது, தோத்தது ஆளைத் தூக்குது!" கணக்கு வாத்தியார் தப்பைத் தேடுவதுபோல அவர் பெட்டியைக் கிளறினார். "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இதோ, அடியில கிடக்கிற இது ஒண்ணுதான் அறுந்திருக்கு. இதைத் தோத்ததுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்."

"அது எங்க பழைய மாடல், மேடம். அதுவும் என் டிசைன்தான். அது மட்டும் அறுந்திருந்தா, நான் இந்தப் பெட்டியே வச்சிருக்க மாட்டேன்."

தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாரின் முனையைப் பார்த்தார். நூல் பிரியவில்லை. நேராக, கத்தரித்ததுபோல இருந்தது.

"அம்மா, தண்ணி!" உள்ளேயிருந்து அந்தக் கரகரத்த குரல் கூப்பிட்டது.

"சறுக்குமரத்து உச்சியில பாட்டில் சிக்கிக்கிச்சு, கழுத்துல வாரோட இவ பாதியிலேயே தொங்கிட்டா," என்றபடி வடிவமைப்பாளர் எழுந்தார். "அவ எடையை அந்த வார் ரொம்ப நல்லாத் தாங்குச்சு, மேடம். நான்தான் ஓடிப்போய்க் கத்தரிக்கோலால வெட்டினேன்."

தலைமையாசிரியை புதிய வாரை 'டக்'கென்று பொருத்தித் தன் கழுத்திலேயே மாட்டி, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். அது கையோடு வந்ததும், "எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதுதான்," என்றார்.