சவர்க்காரத்துக்கு ஒரு பை

“இது சவுக்காரம் வைக்கப் பின்னினதோ, சூடை மீன் பிடிக்கப் பின்னினதோ?”

கதிரையை விட்டு எழும்பாமலே ரீச்சர் அந்தப் பையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார். முள்ளிவாய்க்கால் பொதுநோக்கு மண்டபத்தில் கொக்கி ஊசிப் பின்னல் பழக வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்கள் நடுவே ஒரேயோர் ஆணாக அமர்ந்திருந்த நல்லதம்பி தலையைச் சொறிந்தார். கடலையே நம்பி வாழ்ந்தவர். வலைக்கண்களை அளவு பிசகாமல் வைப்பதில் அவரை விஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை.

“கண்ணெல்லாம் ஒரே அளவுதானே, ரீச்சர். என்ன பிழை?”

“அதுதான் பிழை. பிடிபட்ட மீன் சின்னனாகிறேல்லை. சவுக்காரம் குளிக்கக் குளிக்கத் தேயும். தேய்ஞ்ச துண்டு கண்ணுக்குள்ளால விழும். பிறகு ஆரும் அதை மிதிச்சு விழுகிறதோ?”

நல்லதம்பியின் முகம் சுருங்கியது. குளித்து முடித்ததும் சவர்க்காரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டு வருவது அவரது நெடுநாள் வழக்கம். சென்ற மாதம் மனைவி பத்மாசனி அதில் வழுக்கி விழுந்து, முழங்காலில் பலமாக அடிபட்டுக்கொண்டாள். ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டியவர், வாசலில் நின்றபடி, “பாத்து நடக்கத் தெரியாதோ?” என்று கேட்டுவைத்தார். இனி இந்த மனிதரோடு கதையே இல்லை என்று அன்றைக்கே அவள் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை எப்படியாவது திரும்ப அழைத்துவர வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

“கடையில ஒரு சவுக்காரப் பெட்டி வாங்கிக் குடுத்தால் முடிஞ்சுதே, அண்ணை?” என்று பின்னல் பழக வந்த லக்சிகா சீண்டினாள்.

“வாங்கிக் குடுத்தால் எறிஞ்சுபோடுவா, பிள்ளை. என்ர கையால செய்து குடுத்தால் ஒருக்கால் யோசிப்பா.”

“அவா யோசிக்கிறது கிடக்கட்டும். அடியை நெருக்கிப் பின்னுங்கோ,” என்றார் ரீச்சர். “நூலை அப்பிடி இழுக்காதேங்கோ, அது சுறாவில்லை!”

நல்லதம்பி பின்னியது முழுவதையும் பிரித்தார். வடக்கயிறு இழுத்துக் காய்த்த விரல்களுக்குள் அந்தச் சின்ன ஊசி நிற்க மறுத்தது. மெல்ல மெல்ல அடி நெருங்கியது; வாய் சுருங்கியது. ரீச்சர் தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டொன்றை உள்ளே போட்டு உதறிப் பார்த்தார். விழவில்லை.

“சரி. தொங்கவிடுற கயிறு ஏன் இவ்வளவு கட்டை?”

“அவாவுக்கு இப்ப குனிய ஏலாது, ரீச்சர். நெஞ்சு உயரத்தில தொங்கவேணும்.”

ரீச்சர் அந்தக் குட்டைக் கயிற்றை விரலில் சுற்றிப் பார்த்தார்.

“அண்டைக்கு நீங்கள் செய்தது பிழையெண்டு அவாவிட்டச் சொன்னனீங்களோ?”

“பிழைதான், ரீச்சர். பெரிய பிழை. சொல்ல விட்டால்தானே! என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்புறா.”

பெண்களிடையே சிரிப்பு அடங்கிவிட்டது. ரீச்சர் லக்சிகாவின் தோளைப் பிடித்து, அடிபட்ட முழங்கால் நோகாமல் பக்குவமாக எழும்பினார்.

“இஞ்சேருங்கோ, சைக்கிளை எடுங்கோ. அக்காவிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு எங்கட வீட்டை போவம்,” என்றாள் பத்மாசனி.

புருசனோடு பேசமாட்டேன் என்றவளால், வகுப்புக்கு வந்த மாணவனோடு பேசாமல் இருக்க முடியாதே என்று கணக்குப் போட்டுச் சேர்ந்திருந்த நல்லதம்பி, செருப்பையும் மறந்து சைக்கிளை நோக்கி ஓடினார்.