விலகி வந்த கார்

பதினேழு மணி நேரம் முடிந்திருந்தது. பந்தயம் இன்னும் ஏழு மணி நேரம் ஓட வேண்டும்.

ராஜபாளையத்தில் தங்கப்பாண்டியன் அண்ணனின் பேட்டரிக் கடை மாடியில், ஒரு டிவி முன்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் நானும் என் தோழி ஹெப்சிபாவும் மட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி நேரே வந்திருந்தோம்.

இவர்களுடைய கார் பந்தய வாட்ஸ்அப் குழுவில் நான் இரண்டு வருடமாக இருக்கிறேன். எல்லாச் சண்டையையும் படிப்பேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. சர்ச் பாடகர் குழுவில்கூட வாயை மட்டும் அசைக்கிறவள் நான்.

அப்போதுதான் அந்த மோதல்.

இந்தப் பந்தயத்தில் வேகமான கார்களும் மெதுவான கார்களும் ஒரே தடத்தில் ஓடும். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டே இருப்பார்கள். மோதலில் சிக்கிய மெதுவான காரை ஓட்டியவருக்கு வயது ஐம்பத்தாறு. தொழிலுக்கு ஓட்டுபவர் இல்லை, ஆசைக்கு ஓட்டுபவர். வளைவு முடிகிற இடத்தில் அவருடைய கார் கொஞ்சம் இடப்பக்கம் விலகியது. பின்னால் வந்த வேகமான கார் இடித்தது. மெதுவான கார் சுழன்று போய்த் தடுப்பில் சாய்ந்து நின்றது.

அவர் தானாக இறங்கி நடந்தார். எல்லாரும் மூச்சு விட்டோம்.

உடனே சண்டை ஆரம்பித்தது.

"வேகமா வாரவந்தான் பாத்து வரணும்" என்றான் விமல்.

"ஓரமாப் போறவன் எதுக்குலே உள்ள வாரான்?" என்று எழுந்தே விட்டான் பாண்டி.

"ஒனக்கென்ன, மாடு குறுக்க வந்தாலும் மாட்டுக்குத்தான் பெனால்டி போடுவ."

சிரிப்பு அடங்க நேரமானது.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. பந்தய நடுவர்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் சொல்லிவிட வேண்டும். கை தூக்கச் சொன்னார்கள். ஐந்துக்கு ஐந்து. கை தூக்காதவர்கள் இரண்டே பேர்: கதவோரம் உட்கார்ந்திருந்த ரத்தினம் அண்ணாச்சியும் நானும்.

ஹெப்சிபா என் விலாவில் இடித்தாள். "ஏட்டி, எம்.எஸ்சி. படிச்சிட்டு சும்மா இருக்க. சொல்லு."

எல்லாரும் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் சொன்னேன். குரல் நடுங்கியது.

இரண்டு கார்களுக்கும் வேக வித்தியாசம் மணிக்கு எண்பது கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு இருபத்திரண்டு மீட்டர். விலகுவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க அரை விநாடி ஆகும். அதற்குள் பதினொரு மீட்டர் நெருங்கிவிடும். இருந்த இடைவெளி ஒரு கார் நீளம்கூட இல்லை. விதி இரண்டு பேருக்கும் உண்டு. பத்திரமாக முந்துவது வேகமாக வருபவரின் பொறுப்பு. தன் பாதையை விட்டு விலகாமல் போவது மெதுவாகப் போகிறவரின் பொறுப்பு. இங்கே விலகியவர் மெதுவாகப் போனவர்.

கொஞ்ச நேரத்தில் திரையில் நடுவர்களின் முடிவு வந்தது. வேகமான காருக்குத் தண்டனை இல்லை.

பாண்டி விசிலடித்தான். தோற்ற விமல் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "தாயே, இனி நம்ம கோர்ட்டுக்கு நீங்கதான் ஜட்ஜு."

கைதட்டினார்கள். எனக்காக அதற்கு முன் யாரும் கைதட்டியதில்லை. அப்போது நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

டீ வந்தது. ரத்தினம் அண்ணாச்சி என் பக்கம் வந்தார். மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவர். தினமும் காலையில் குழுவில் ஒரு பழைய பந்தயக் கார் படம் போடுவார். கொஞ்ச மாதமாகப் போடுவதில்லை.

"பாப்பா, இப்பச் சொன்னத இன்னொரு தரம் சொல்லுதியா? போன்ல எடுத்துக்கிடுதேன்."

சத்தம் கேட்காத இடமாக, மாடிப்படிக்கு வந்தோம்.

"பேரு, படிப்பு எல்லாம் சேத்துச் சொல்லு. கேக்கவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்லா."

இந்த முறை குரல் நடுங்கவில்லை. "என் பெயர் ஜாஸ்மின். எம்.எஸ்சி. இயற்பியல்" என்று ஆரம்பித்தேன். மீட்டர், விநாடி எல்லாம் வரிசையாக வந்தன. வேகமாக வருபவரின் பொறுப்பு என்ற வாக்கியத்தை விட்டுவிட்டேன். மறதியால் இல்லை. அது இருந்தால் பேச்சு நீளும், முடிவின் கூர்மை குறையும் என்று தோன்றியது.

"அந்த இடத்தில் யார் ஓட்டியிருந்தாலும் இடித்திருப்பார்கள். தப்பு முழுக்க விலகி வந்தவர் மேல்தான்" என்று முடித்தேன்.

நன்றாக வந்திருந்தது.

அவர் போனைக் காதில் வைத்து முழுவதும் கேட்டார். மறுபடி முதலிலிருந்து கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குரூப்ல போடுங்க அண்ணாச்சி" என்றேன். நானாகவே கேட்டேன்.

"குரூப்புக்கு இல்ல பாப்பா. நாளைக்குச் செட்டியார்பட்டி போறேன். அந்த அம்மாட்ட போட்டுக் காட்டணும். நான் எம்புட்டுச் சொன்னாலும் நம்ப மாட்டேங்காக. படிச்ச பிள்ள நீ சொன்னா புரிஞ்சுக்கிடுவாக."

உள்ளே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னொரு மோதலாம். ஜட்ஜு வர வேண்டுமாம்.

"எந்த அம்மா?" என்று கேட்டேன்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"என் வேன்ல அடிபட்ட பிள்ளையோட அம்மா. சைக்கிள்ல ஓரமாத்தான் போயிட்டிருந்தா, கொஞ்சம் விலகிட்டா. இருந்திருந்தா இந்த ஜூன்ல நாலாப்புக்குப் போயிருப்பா."