தெளிந்ததும் திறக்கும் கதவு

டாக்டர் பக்கவாதம் வரும் என்று பயமுறுத்தியும் குடியை விடாத தவசிக்கனி, குடித்தவருக்குத் திறக்காத கதவை அவர் மனைவி சந்தனமாரி வாங்கி மாட்டிய பிறகுதான் விட்டார். வருஷம் ஒன்றாகிறது.

இன்று சாயங்காலம் கதவு பேசியது. "உங்கள் கணவர் குடித்திருக்கிறார். மூச்சில் வாசனை, வாய் குளறுகிறது. தெளிந்ததும் திறக்கிறேன்."

"அங்கனயே கெடங்க!" என்று சந்தனமாரி உள்ளிருந்து கத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மேடையில் அரிஷ்ட பாட்டில் இருந்தது. ரத்த ஓட்டத்துக்கென்று நாட்டு வைத்தியர் புதிதாகக் கொடுத்தது, சாராய நெடி அடிக்கும் மருந்து. அவர் கடைக்குக் கிளம்புமுன் அவள்தான் ஊற்றிக் கொடுத்தாள். வாசனை அதுதான். அப்படியென்றால் வாய் ஏன் குளற வேண்டும்?

ஓடிவந்து கதவில் இருந்த கேமராத் திரையைப் பார்த்தாள். வாசலில் சரிந்து கிடந்தார். ஒரு கை கதவைத் தட்டியது. மற்றது அசையவே இல்லை. வாய் கோணியிருந்தது. அவள் கைப்பிடியை இழுத்தாள்; உள்ளிருந்தும் கதவு மனசு வைத்தால்தான் திறக்கும்.

"ஏட்டி... க... தவ..."

"திற! அவுகளுக்கு வாதம் வந்துட்டு... தி... திற!" அழுகையில் அவளுக்குச் சொல் உடைந்தது.

கதவு அவள் குரலையும் சோதித்தது.

"உங்களுக்கும் வாய் குளறுகிறது, அம்மா. தெளிந்ததும் திறக்கிறேன்."